வண்டிக்குத் தளம் போட்டவன்

ஒரு பழைய பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்கு ஆத்தங்குடிக் கல் பதித்தவன் நான். வீட்டுக் கூடத்தில் பதிப்பார்களே, கண்ணாடி மாதிரி பளபளக்கும் பூப்போட்ட கல், அதேதான். கொத்தனாரை வைத்து, மணலும் சிமெண்டும் குழைத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பதித்தேன். அப்போது எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. குடிக்கிற பழக்கமும் கிடையாது. பிழைப்புக்கு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்பதை ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் படம் போட்டு விளக்கி, அதையே தேர்வில் கேட்டு, தப்பாக எழுதுகிறவர்களுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தும் வருகிறேன்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறேன். வெளியூர்க்காரர்களிடம் மரபு என்றேன். சக ஆசிரியர்களிடம் பரிசோதனை என்றேன். உண்மைக் காரணம் இவ்வளவுதான்: என் அக்காவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வண்டியில் தண்ணீர் ஊற்றாதே என்பதுதான் அந்த வாக்கியம்.

வண்டி அப்பா வாங்கியது. நீண்ட மூக்கு, உருண்டை விளக்குகள், பின்னால் திறந்த தொட்டி. ஜீப் ஒன்றுக்கு லாரியாக வேண்டும் என்று ஆசை வந்து, பாதி வழியில் மனம் மாறிவிட்டது போன்ற தோற்றம். அப்பா இருந்தவரை நெல் மூட்டையும் கல்யாணப் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு நாச்சியாபுரத்துக்கும் அமராவதிபுதூருக்கும் ஓடியது. அவருக்குப் பிறகு வருடத்தில் ஒருநாள் மட்டும் ஓடுகிறது. எங்கள் ஊர்த் திருவிழாவில் அம்மன் ஊர்வலம் வருவது அந்த வண்டியில்தான். மாட்டு வண்டியில் வந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு வருடம் மாடு நொண்டிவிட, அவசரத்துக்கு அப்பா வண்டியைக் கொடுத்தார். அம்மனுக்கும் அது வசதியாக இருந்திருக்க வேண்டும். அதன்பின் யாரும் மாட்டைத் தேடவில்லை.

வண்டி எந்த வீட்டுடையதோ அந்த வீட்டுப் பெண்தான் ஊர்வலத்துக்கு முன்னால் அதை மஞ்சள் தண்ணீரில் கழுவ வேண்டும். அம்மனை ஏற்றியதும் முதல் அர்ச்சனைத் தட்டும் அந்த வீட்டுத் தட்டுதான். அந்தத் தேங்காய் உடைந்த பிறகே ஊர்த் தேங்காய்கள் உடையும். அம்மா இருந்தவரை அம்மா செய்தாள். பிறகு அக்கா.

அக்கா அதற்குள் அத்தானைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்திருந்தாள். கல்யாண வீடுகளில் அவளாகவே கடைசி வரிசைக்குப் போய்விடுவாள். யாரும் அவளைப் போகச் சொன்னதில்லை. போகாதே என்றும் யாரும் சொன்னதில்லை, நான் உட்பட. அம்மாவுக்குப் பிறகு வந்த திருவிழாவில் அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பூசாரி தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"வண்டி அவுக வண்டி. தட்டும் அவுக தட்டு. பிடிக்காதவுக வந்து சாமியத் தோள்ல தூக்குங்க."

யாரும் தோள் கொடுக்க முன்வரவில்லை. அன்றிலிருந்து வருடத்தில் ஒருநாள் அக்கா ஊருக்கு முன்னால் நிற்கிறாள். அந்த ஒருநாள் அந்த வண்டியை நம்பி இருந்தது. வண்டியோ என்னை நம்பி இருந்தது.

அக்கா வருடத்துக்கு ஒருமுறை கழுவியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவள் வெள்ளிக்கிழமைதோறும் கழுவ ஆரம்பித்தாள். ஒரு வாளித் தண்ணீர், அதில் மஞ்சள் தூள். கண்ணு பட்டுவிடக் கூடாது என்று ஒரு கை கல்லுப்பு வேறு. உப்புத் தண்ணீர் இரும்பை என்ன செய்யும் என்பதை நான் வகுப்பில் சோதனைக்குழாயில் ஆணியைப் போட்டுக் காட்டுவேன். எங்கள் வீட்டு வாசலில் அதே சோதனை, ஆணிக்குப் பதிலாக அப்பாவின் வண்டியை வைத்து நடந்துகொண்டிருந்தது. நான் காபி டம்ளரோடு படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

துருப்பிடிக்க இரும்பு, காற்று, தண்ணீர் மூன்றும் வேண்டும், ஒன்றைத் தடுத்தால் போதும் என்பது பாடம். காற்றைத் தடுக்க வழியில்லை. இரும்பு தன்னாலேயே குறைந்துகொண்டு வந்தது. பாக்கி இருந்தது தண்ணீர். அது அக்காவின் கையில் இருந்தது.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்து பல வெள்ளிக்கிழமைகள் வாசலுக்குப் போயிருக்கிறேன். பக்கத்தில் போய்த் தொண்டையைச் செருமுவேன்.

"என்னடா தம்பி, சளியா?"

"இல்லக்கா, சும்மா."

"சுக்குத் தண்ணி வச்சுத் தாரேன். அங்குட்டுத் தள்ளி நில்லு, காலு நனையுது பாரு."

தள்ளி நின்றுகொள்வேன். வேறு என்ன செய்வது? வருடமெல்லாம் கடைசி வரிசையில் நிற்கிறவள் ஒருத்தி, தனக்கென்று கிடைத்த ஒரே ஒரு காரியத்தை வாரம் தவறாமல் செய்கிறாள். அவளிடம் போய், நீ செய்கிற காரியம்தான் வண்டியைத் தின்கிறது என்று எந்த வாயால் சொல்வது? அந்த வாய் எனக்கு இல்லை. சுக்குத் தண்ணீர் குடிக்கிற வாய்தான் இருந்தது.

முதலில் தொட்டியின் தரையில் பெயிண்டு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அம்மன் வண்டிக்கே அம்மை போட்டிருக்கிறது என்று அக்கா வேப்பிலை செருகினாள். கொப்புளத்தை நகத்தால் கீறிப் பார்த்தேன். பழுப்புப் பொடி உதிர்ந்தது. அதற்குக் கீழே இன்னும் கொஞ்சம் பொடி. அதற்கும் கீழே தெரு.

காரைக்குடியில் ஒரு டிங்கர் பட்டறைக்கு ஓட்டிப்போனேன். பட்டறைக்காரர் என் வயதுக்காரர். எந்த வண்டியைப் பார்த்தாலும் துக்க வீட்டுக்கு வந்தவர்போல முகத்தை வைத்துக்கொள்வார். சுத்தியலின் பிடியால் தொட்டியை அங்கங்கே தட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் கணீர் என்றது. மற்ற இடத்திலெல்லாம் அப்பளம் மாதிரி சத்தம் வந்தது.

"வெல்டு வச்சுரலாமா?" என்றேன்.

"வைக்கலாம் சார். ஆனா வெல்டு வைக்க நல்ல தகடு கொஞ்சமாச்சும் வேணும்ல? ஓட்டைக்குப் பக்கத்துல ஓட்டை இருந்தா நான் எதுல கொண்டுபோய் ஒட்ட?"

"அப்ப இது?"

"இது வண்டி இல்ல சார், பெயிண்டு. வண்டி மாதிரி நிக்குது. தரைய மொத்தமா வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு போடணும். போட்டாலும் இந்தா, இந்த உப்புத் தண்ணிய எவன் ஊத்துறான்னு பிடிச்சு நிப்பாட்டணும். முதல்ல அவன நிப்பாட்டுங்க, அப்புறம் வண்டியக் கொண்டுட்டு வாங்க."

அவன் யாரென்று நான் சொல்லவில்லை. ஓட்டைகளுக்கு மட்டும் தற்காலிகமாக எதையோ அடைத்து, பட்டி பார்த்து, சிவப்பு ப்ரைமரைத் தடவி அனுப்பிவைத்தார். அந்த வெள்ளிக்கிழமை அக்கா ப்ரைமரின் நிறத்தைப் பார்த்துவிட்டு, குங்குமக் கலர் நன்றாக இருக்கிறது என்று வழக்கத்தைவிட ஒரு குடம் கூடுதலாக ஊற்றினாள்.

இந்த நிலையில்தான் கானாடுகாத்தானுக்கு ஒரு வேலையாகப் போனேன். அங்கே பூட்டிக் கிடந்த பெரிய வீடொன்றை ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தில் ஒரு அம்மாள் வாளி வாளியாகத் தண்ணீரை அடித்து ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். தரை அசரவில்லை. இத்தனை தலைமுறையாக இந்தக் கல்லின்மேல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே என்று நின்று யோசித்தேன். வேலையில் மிஞ்சிய கல் வாசலில் அடுக்கிக் கிடந்தது. எனக்குள் ஞானம் பிறந்தது. அக்காவை நிறுத்த வேண்டாம். வண்டிக்குத் தரை போட்டுவிட்டால் போதும்.

கல்லுக்குக் கீழே மண் இருந்தால் ஒரு கதை, தகரம் இருந்தால் வேறு கதை என்று தோன்றவில்லையா என்று கேட்கலாம். தோன்றியது. சிமெண்டுக்குள் இருக்கும் இரும்பு துருப்பிடிக்காது என்பதும் நான் நடத்துகிற பாடம்தானே என்று அதற்குப் பதிலும் வைத்திருந்தேன். உப்பு இறங்காத வரையில் என்று அடுத்த வரியில் இருக்கிறது. அடுத்த வரிக்கு நான் போகவில்லை.

கொத்தனார் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், வீடு எங்குட்டு இருக்கு?"

"இதுதாங்க. இந்தத் தொட்டிக்குத்தான்."

தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார். பிறகு தொழில் ஞாபகம் வந்துவிட்டது.

"சரி. தண்ணி வடியணும்ல? வாட்டம் எங்குட்டு வைக்க?"

"பின்னாடி வைங்க."

"ஏத்தத்துல ஏறுறப்ப பின்னாடி வடியும். எறக்கத்துல எறங்குறப்ப?"

"முன்னாடி வரும்."

"நெதம் எங்குட்டுப் போறீக, ஏத்தமா, எறக்கமா?"

அது எங்கும் போகாது, நின்றபடியே நிற்கும் என்றேன். அப்படியென்றால் வீடுதான் என்று நிம்மதியாகி வேலையை ஆரம்பித்தார்.

முடிந்தபோது அழகாகத்தான் இருந்தது. மஞ்சளும் சிவப்பும் கருப்புமாகப் பூக்கள். பாரம் தாங்காமல் பின்பக்கம் தாழ்ந்து, வண்டி எந்நேரமும் வானத்தைப் பார்த்தது. அக்காவுக்கு ஒரே பூரிப்பு. கழுவி முடித்துத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, நடுவில் கோலமும் போட்டாள். வெளிநாட்டுக்காரர்கள் சிலர் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்தார். பாராட்டினாரா, ஆறுதல் சொன்னாரா என்று இன்றுவரை விளங்கவில்லை.

பெரியப்பா மகன் மட்டும் மசியவில்லை. எனக்கு அண்ணன், அக்காவுக்குத் தம்பி முறை. தண்ணீர் கேன் வியாபாரம். புதிதாக ஒரு மினிலாரி வாங்கியிருந்தார். அந்த லாரிக்கு அம்மன்மேல் ஒரு கண் இருந்தது ஊருக்கே தெரியும்.

"என்னப்பா வாத்தியாரே, வண்டிக்குள்ள ஹாலு கட்டிட்டியாமே. ஊஞ்சல் எப்பப் போடுற?"

"போட்டா சொல்லி விடுறேண்ணே."

"பால் காய்ச்சறப்ப எங்களையும் கூப்பிடு."

திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் இருந்தபோது, அம்மனை வைக்கிற சப்பரப் பலகைக்கு அளவு பார்க்க வண்டியைக் கோயிலுக்கு ஓட்டிப்போனேன். ஊருணிக் கரையில் ஒரு வேகத்தடை. வண்டி ஏறி இறங்கியது. பின்னால் யாரோ பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருப்பது எனக்குப் பழகிவிட்டது.

கோயில் வாசலில் நிறுத்தியபோது அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் ஒரு கல். பூப்போட்டது.

"வாத்தியாரே, உன் வீட்டுத் தரை ரோட்டுல கெடந்துச்சு."

சிரிக்கவே இல்லை. அதுதான் வலித்தது.

அப்படியே பட்டறைக்கு விட்டேன். பட்டறைக்காரர் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். வெளியே வர நேரமானது. வந்தபோது அவர் முகமெல்லாம் பழுப்புப் பொடி.

"சார், தகடு கல்லத் தாங்குதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீகளா? கல்லுதான் சார் தகட்டத் தாங்கிக்கிட்டு இருக்கு. கல்லப் பேத்தா தகடு வந்துரும். தகட்ட எடுத்தா கல்லு வந்துரும்."

"தரை போகட்டுங்க. சேசிஸ் மேல பலகையப் போட்டு, அது மேல சாமிய வச்சா?"

ஸ்க்ரூடிரைவரை எடுத்து, வண்டியின் எலும்புக்கூடான சேசிஸில் குத்திக் காட்டினார். வாழைத்தண்டில் இறங்குகிற மாதிரி இறங்கியது.

"ஒரு நாளைக்குத்தாங்க. ஊருக்குள்ளயேதான். மெதுவா ஓட்டிருவேன்."

"மனுசன ஏத்துறேன்னு சொல்லுங்க, யோசிச்சுப் பாக்கலாம். சாமிய ஏத்தாதீக சார். எசகுபெசகா ஏதாச்சும் ஆனா ஊரு என்னையவும் சேத்துல்ல தூக்கிப் போட்டு மிதிக்கும்."

ஒட்டுவதற்கு ஏதாவது மருந்து, பூசுவதற்கு ஏதாவது பசை, அமிலம் என்று எனக்குத் தெரிந்த வேதியியலையெல்லாம் அந்தப் பட்டறை வாசலில் நின்று கொட்டினேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகத் தலையாட்டினார். ஒவ்வொன்றும் இருக்கிற இரும்பைக் காப்பாற்றும். போன இரும்பைக் கொண்டுவர என்னிடமும் ஒன்றுமில்லை, அவரிடமும் ஒன்றுமில்லை. இரண்டு பேருமாகக் கொஞ்ச நேரம் டீ குடித்தோம்.

பூசாரி எங்கள் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். பட்டறைக்குப் போய்வந்த வழியெல்லாம் உதிர்ந்து, வாசலில் பாதி கல் பெயர்ந்து நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வேற வழி இல்லப்பா. அந்த மினிலாரியச் சொல்லிட்டோம். ஒண்ணும் மனசுல வச்சுக்கிறாதீக."

அக்கா உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் போய்ப் பேசுவது என்று கிளம்பினேன். வண்டி உங்களுடையதாக இருக்கட்டும், தட்டு மட்டும் அக்காவுடையதாக இருக்கட்டும் என்று சொல்லவேண்டிய வாக்கியங்களை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போனேன். நல்ல வாக்கியங்கள். அவர் வீட்டு வாசலில் மினிலாரிக்கு மாலை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மனைவி புதுப் புடவையைத் தோளில் போட்டு, இது முதல் தட்டுக்கு எடுப்பாக இருக்குமா என்று என்னிடமே கேட்டார். இருக்கும் என்றேன். டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

திருவிழா அன்று காலையில் அக்கா தலைக்குக் குளித்து, தட்டை எடுத்து வைத்தாள். தேங்காய், பழம், வெற்றிலை, பூ. இன்னொரு கையில் வாளி நிறைய மஞ்சள் தண்ணீர். போகாதே என்று சொல்லியிருக்கலாம். எதற்கு அது என்றாவது கேட்டிருக்கலாம். நான் வாளியை வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

மினிலாரியில் சீரியல் லைட் போட்டு எரியவிட்டிருந்தார்கள். சீட்டின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. அண்ணன் ஓடி வந்தார்.

"வாங்கக்கா, வாங்க. தண்ணியெல்லாம் தூக்கிட்டு வந்திருக்கீக! ஊத்தீராதீகக்கா, கரண்டு கனெக்சன் குடுத்தாச்சு, சாக்கு அடிச்சுரும். அங்குட்டு நெழல்ல போய் நில்லுங்க."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நிழலும் நிஜமாகவே இருந்தது. பூசாரி ஒரு கொத்து வேப்பிலையை அக்காவின் வாளியில் நனைத்து வண்டியின்மேல் தெளித்தார். கழுவுவது அவ்வளவில் முடிந்தது. அம்மனை ஏற்றினார்கள். வண்டி கொஞ்சமும் தாழவில்லை, முனகவில்லை.

"வண்டி வீட்டுத் தட்டு!" என்று பூசாரி குரல் கொடுத்தார்.

அக்காவின் கால் முன்னால் ஒரு எட்டு வைத்தது. பழக்க தோஷம். வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்யத்தான் நகர்ந்ததுபோல் சரிசெய்துகொண்டாள். அண்ணன் மனைவி முன்னால் போனார். புடவை எடுப்பாகத்தான் இருந்தது. அந்தத் தேங்காய் உடைந்ததும் ஊர்த் தட்டுகள் நெருக்கிக்கொண்டு போயின. அக்காவின் தட்டு அந்த நெருக்கடியில் எங்கோ நடுவில் போய், தேங்காய் உடைந்து, திரும்பி வந்தது. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏதாவது செய்ய வேண்டும் என்ற வேகத்தில், வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

ஊர்வலம் தெரு திரும்பியதும் வீட்டுக்கு வந்தோம். வாளி அப்படியே நிறைந்திருந்தது. வாசலில் எங்கள் வண்டி, கல் பெயர்ந்து, எலும்பு தெரிய நின்றது. அக்கா தட்டைப் படியில் வைத்தாள். என் கையிலிருந்து வாளியை வாங்கி, வண்டியின்மேல் ஊற்ற ஆரம்பித்தாள். தொட்டியில் விழுந்த தண்ணீர் எந்தத் தடையும் இல்லாமல் நேராகத் தெருவில் விழுந்தது. குனிந்து, மிச்சமிருந்த கற்களைத் தேய்த்தாள்.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. இத்தனை காலம் தொண்டையில் நின்றது தானாக வெளியே வந்துவிட்டது.

"அக்கா, தண்ணி ஊத்தாத. துருப்பிடிச்சுரும்."

அக்கா நிமிர்ந்தாள். வண்டியைப் பார்த்தாள். அதன் வழியாகத் தெரிந்த தெருவைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்னடா, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? சொல்லியிருந்தா ஈரத்துணிய வச்சுத் தொடைச்சு ஒரு பொட்ட வச்சுட்டுப் போயிருப்பேன்ல. வெள்ளிக்கெழமையானா இந்தச் சனியனக் கழுவிக் கழுவி எனக்கு இடுப்பே விட்டுப்போச்சு. நீ பக்கத்துலயே வந்து வந்து நிக்கவும், வாத்தியாரு, வண்டிக்கு நல்லதுன்னுதான் கழுவச் சொல்றான் போலன்னுல்ல நெனச்சேன்!"